எண்கள் மலையாகும் வழி

கணினித் திரையில் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் நிஜம்போலத் தீட்டிக் காட்டும் மென்பொருள்களின் வரலாறு எழுதப்படும்போது, புகழ் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்குப் போகிறது. வானத்திலிருந்து நிலத்தின் உயரத்தை அளந்த விண்கலங்களுக்கு ஒரு பங்கு; ஒளி, நிழல், மூடுபனி, மேகம் எல்லாவற்றையும் கணக்கிட்டுப் படமாக்கிய வரைகலை மென்பொருள்களுக்கு இன்னொரு பங்கு. அளந்தவர் கொடுத்த கோப்பை, தீட்டுபவர் திறக்கக்கூடிய கோப்பாக மாற்றித் தந்த சின்னஞ்சிறு நிரல்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எடுபிடி வேலை என்று அது ஒதுக்கப்பட்டுவிடுகிறது. என் கட்சி வேறு. எந்த நாட்டு மலையை உலகம் முதலில் திரையில் பார்த்தது, அந்த மலை எந்த உருவில் தெரிந்தது, யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டாமல் போனது என்பதையெல்லாம் முடிவு செய்ததில் அந்தக் கோப்பு மாற்றத்துக்குத்தான் முதல் இடம். ஓர் அரசு தன் தரவை இலவசமாகக் கொடுத்த மாத்திரத்தில் அது மக்கள் கைக்கு வந்துவிடுவதில்லை. ஒரு சாதாரண நிரலாளர் உட்கார்ந்து திறந்து படித்துவிடக்கூடிய வடிவம் கிடைக்கும்போதுதான் வருகிறது. கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளின் கதை இதற்குச் சாட்சி.

நிலத்தை எண்களின் அட்டவணையாக எழுதும் யோசனை சாலைப் பொறியியலிலிருந்து வந்தது. 1958-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சார்ல்ஸ் மில்லரும் லாஃப்ளாமும் எண்முறை நில மாதிரி என்ற கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நெடுஞ்சாலையை எந்த வழியில் கொண்டுபோனால் எவ்வளவு மண் வெட்ட வேண்டும், எவ்வளவு கொட்ட வேண்டும் என்பதைக் கணினியே கணக்கிட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பிறகு அந்நாட்டு ராணுவத்தின் வரைபட முகமை 1:2,50,000 அளவிலான வரைபடங்களின் சமஉயரக் கோடுகளை எண்களாக்கியது. அந்தத் தரவைப் பொதுமக்களுக்கு விநியோகித்தது அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ். ஒரு பாகைக்கு ஒரு பாகை கொண்ட சதுரம், அதில் 3 விகலைக்கு ஒரு புள்ளி, அதாவது ஏறத்தாழ 90 மீட்டருக்கு ஒன்று. வரிசைக்கு 1201 புள்ளி, 1201 வரிசை. மொத்தம் 14,42,401 உயரங்கள். இதைவிட நுணுக்கமாக, 7.5 கலை அகலமுள்ள சிறு பகுதிகளுக்கு 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் இன்னொரு தொகுப்பும் இருந்தது. டெம் என்ற சுருக்கப் பெயரில் இவை புழங்கின.

இந்த டெம் கோப்பைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மாற்றுபவர் செய்த வேலையின் அருமை அப்போதுதான் தெரியும். அது வெறும் எழுத்துகளால் ஆன கோப்பு. 1024 எழுத்துகள் கொண்ட பதிவுகளாக வெட்டப்பட்டது. காந்த நாடாவையும் ஃபோர்ட்ரான் மொழியையும் மனத்தில் வைத்து வகுத்த அமைப்பு. அதனால் மூலைகளின் இருப்பிடத்தைச் சொல்லும் பெரிய எண்களில் அடுக்கைக் குறிக்க டி என்ற எழுத்து வரும். வீட்டுக் கணினியில் சி மொழியில் எழுதிய நிரலுக்கு அந்த எழுத்து பழக்கமில்லை. அந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடும். ஐந்து லட்சம் மீட்டர் என்று எழுதியிருப்பது அரை மீட்டர் என்று உள்ளே போகும். அடுத்தது திசை. படக் கோப்புகள் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் போகின்றன. டெம் கோப்பு மேற்கு ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு நெடுவரிசையையும் தெற்கிலிருந்து வடக்காக எழுதிக்கொண்டு போகும். அதை அறியாமல் அப்படியே படமாக்கினால் நிலம் 90 பாகை திரும்பி, வடக்குச் சரிவு கிழக்கே போய் நிற்கும். உயரம் அடியிலா மீட்டரிலா என்பதை ஒரே ஒரு இலக்கம் சொல்லும்: 1 என்றால் அடி, 2 என்றால் மீட்டர். அந்த இலக்கத்தைக் கவனிக்காதவருக்கு மலை மூன்று மடங்குக்கும் மேல் வளர்ந்துவிடும். 30 மீட்டர் தொகுப்பிலோ வரைபடத்தின் ஓரங்கள் அளவுக் கட்டத்துக்கு நேராக நிற்காமல் சாய்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு நெடுவரிசையும் வேறுவேறு இடத்தில் தொடங்கி, வேறுவேறு எண்ணிக்கையில் முடியும். ஓரத்தில் பல்பல்லாக விழும் அந்த வெற்றிடத்தை வெட்டுவதா, பக்கத்துத் தாளிலிருந்து நிரப்புவதா என்று மாற்றுபவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் அமிகா போன்ற வீட்டுக் கணினிகளுக்கு நிலத்தோற்ற மென்பொருள்கள் வந்தன. ஜான் ஹிங்க்லி எழுதி, கலிபோர்னியாவின் வர்ச்சுவல் ரியாலிட்டி லேபரட்டரீஸ் வெளியிட்ட விஸ்டாப்ரோ அவற்றில் புகழ்பெற்றது. அதன் சிறப்பு, கற்பனை மலைகளோடு நிற்காமல் உண்மையான நிலத்தின் அளவுகளையும் எடுத்துக்கொண்டது. ஆனால் யு.எஸ்.ஜி.எஸ். கோப்பை அது அப்படியே விழுங்கவில்லை. தனக்கென ஒரு கோப்பு வடிவம் வைத்திருந்தது. முன்கூட்டியே மாற்றிவைத்த நிலப்பகுதிகள் மென்பொருளோடு வந்தன. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் செவ்வாய் கோளில் காடும் கடலும் உருவானால் எப்படியிருக்கும் என்பதை இந்த மென்பொருளால் தீட்டிப் பார்த்து, 1994-ல் 'தி ஸ்னோஸ் ஆஃப் ஒலிம்பஸ்' என்ற நூலாக வெளியிட்டார். செவ்வாயின் மாபெரும் எரிமலையான ஒலிம்பஸ் மான்ஸ் கொழும்பில் ஒரு மேசைமேல் உருவெடுத்தது என்றால், அந்த எரிமலையின் உயர எண்களை யாரோ ஒருவர் முன்பே வீட்டுக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிவைத்திருந்தார் என்று பொருள். கிளார்க்கின் கற்பனையைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. அந்தக் கற்பனை எதன்மேல் நின்றது என்பதையும் சேர்த்தே வரலாறு எழுதப்பட வேண்டும் என்கிறேன்.

இங்கே ஒரு மறுப்பு வரும். அமெரிக்க மலைகள் திரையை நிறைத்ததற்குக் காரணம் சட்டம்தானே, கோப்பு வடிவத்துக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். சட்டத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. அமெரிக்க மத்திய அரசின் ஊழியர்கள் பணியின் பகுதியாக ஆக்கியவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனமோ தன் உயரத் தரவின் ஒரு பகுதியைக் கூட 2010-ல்தான் இலவசமாகத் திறந்துவிட்டது. இந்தியாவின் நிலை இன்னும் இறுக்கமானது. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவை உலகப் புகழ்பெற்றது. அந்த மரபில் வந்த நாட்டில் கடலோர, எல்லைப்புற வரைபடத் தாள்கள் பல நெடுங்காலம் கட்டுப்பாட்டில் இருந்தன; 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டுதல்தான் பெரிய தளர்வைக் கொண்டுவந்தது. ஆகவே 1990-களில் திரையில் மலை தீட்ட விரும்பிய எவருக்கும் அமெரிக்காவின் மேற்குப் பகுதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நீலகிரியோ ஆனைமலையோ இல்லை. 1996-ல் யு.எஸ்.ஜி.எஸ். முடித்த ஜிடோப்போ30 என்ற உலகத் தொகுப்பில் நம் மலைகளும் இடம்பெற்றன. ஆனால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில் குன்னூர்ப் பள்ளத்தாக்குக்கு உருவமே இருக்காது.

சட்டம் திறந்த கதவைக் கோப்பு வடிவம் மூடிவிட முடியும் என்பதற்கும் அதே அமெரிக்காவே எடுத்துக்காட்டு. 1992-ல் அந்நாட்டு அரசு எஸ்.டி.டி.எஸ். என்ற தரவுப் பரிமாற்றத் தரத்தை ஏற்றது. எந்த நிலத் தரவையும் பொருள் சிதையாமல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற உயர்ந்த எண்ணத்தோடு அறிஞர்கள் பல ஆண்டு உழைத்து வகுத்தது. அளவு மூலம், துல்லியம், வரலாறு, சொல் விளக்கம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. யு.எஸ்.ஜி.எஸ். தன் உயரத் தரவையும் அந்த வடிவத்துக்கு மாற்றியது. இதனால் முன்பு ஒரே கோப்பாக இருந்த மலை, டிடிஎஃப் என்று முடியும் பெயர்களோடு ஒரு கட்டுக் கோப்புகளாகச் சிதறியது. ஒன்று அட்டவணை, ஒன்று இருப்பிடம், ஒன்று தர அறிக்கை. உண்மையான உயரங்கள் இன்னொன்றில். அவை எழுதப்பட்ட ஐ.எஸ்.ஓ. 8211 என்ற அமைப்பைப் படிக்கத் தனி நூலகமே தேவைப்பட்டது. தரவு அதேதான், இலவசமும் அப்படியே தொடர்ந்தது, சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனாலும் நிலத்தோற்ற மென்பொருள் வைத்திருந்தவர்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

அந்தக் கதவைத் திறந்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். அமெரிக்க நில மேலாண்மைத் துறையில் பணியாற்றிய சோல் காட்ஸ். 1980-களில் மாஸ் என்ற ஆரம்பகாலப் புவித்தகவல் மென்பொருளின் உருவாக்கத்தில் உதவியவர். நிலத் தரவுக் கோப்பு வடிவங்களைப் பற்றிய விளக்கங்களையும், ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சிறு நிரல்களையும் தொடர்ந்து எழுதி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தார். எஸ்.டி.டி.எஸ். கட்டைப் பிரித்துப் பழைய டெம் கோப்பாகத் திருப்பித் தரும் நிரலும் அவர் கையிலிருந்து வந்ததுதான். புதிய தரத்தின் பயன் என்னவென்று கேட்டால், பெருவாரியான பயனர்கள் செய்த முதல் காரியம் அதைப் பழைய வடிவத்துக்குத் திருப்பியது என்பதே நேர்மையான பதில். காட்ஸ் 1999-ல் காலமானார். திறந்தநிலைப் புவித்தகவல் மென்பொருள் உலகம் தன் உயரிய விருதுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறது. 2005-ல் அதை முதலில் பெற்றவர் ஃபிராங்க் வார்மர்டாம். 1998-ல் ஜிடால் என்ற கோப்பு மாற்று நூலகத்தைத் தொடங்கியவர். ஒரு துறை தன் முதல் மரியாதையை மாற்றி எழுதியவர்களுக்குச் செய்திருக்கிறது. எடுபிடி வேலை என்று ஒதுக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாற்றத்தின்போது என்ன தொலைகிறது என்பதும் இந்த வரலாற்றில் சேர்ந்ததே. சாம்பல்நிறப் படம் ஒன்றை எடுத்து, கறுப்பைத் தாழ்வாகவும் வெள்ளையை உயரமாகவும் கொள்வது பல மென்பொருள்களில் வழக்கமானது. எளிமையான வழிதான். ஆனால் சாதாரண சாம்பல்நிறப் படத்தில் 256 நிலைகளே உண்டு. மேட்டுப்பாளையம் அருகே சுமார் 300 மீட்டரில் தொடங்கி 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா வரை செல்லும் ஒரு சரிவை அதில் அடைத்தால், ஒவ்வொரு நிலையும் சுமார் 9 மீட்டர். வழுவழுவென்று இறங்க வேண்டிய மலைச்சரிவு படிக்கட்டுபோல வெட்டுண்டு நிற்கும். நல்ல மாற்றிகள் இதை உணர்ந்து 16 பிட் அளவைக் காப்பாற்ற வழி தேடின. பாவ்ரே மென்பொருளுக்காக ஒரு படத்தின் சிவப்புப் பகுதியில் எண்ணின் பெரிய பாதியையும் பச்சைப் பகுதியில் சிறிய பாதியையும் ஒளித்துவைத்தார்கள். பார்க்க அலங்கோலமான படம். தீட்டினால் துல்லியமான மலை. மாட் ஃபேர்கிளோ உருவாக்கிய டெராஜென் மென்பொருளின் கோப்போ அடித்தள உயரத்தையும் பெருக்கு அளவையும் தலைப்பில் வைத்து, மற்றவற்றை 16 பிட் எண்களாக எழுதியது. அதில் ஒரு புள்ளிக்கான இயல்பு இடைவெளி 30 மீட்டர். ஆனால் பணம் கட்டாமல் பயன்படுத்தியவருக்கு அதன் தொடக்கப் பதிப்புகளில் நில அளவு 513-க்கு 513 என்ற எல்லையில் நின்றது. 1201 புள்ளி வரும் நிலத்தை எங்கே வெட்டுவது, எப்படிச் சுருக்குவது என்பது மறுபடியும் மாற்றியின் தீர்ப்புக்கே வந்தது.

2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்றை நீட்டி, பதினொரு நாள் பறந்து, வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரையிலான நிலத்தை ரேடாரால் அளந்தது. எஸ்.ஆர்.டி.எம். என்ற அந்தப் பயணத்தின் அளவுகள் பதப்படுத்தப்பட்டு, 2003 முதல் உலகத்துக்குக் கிடைக்கத் தொடங்கின. அளவின் பெருமையை எல்லோரும் பாடுகிறார்கள். எனக்கு அதில் மிகப் பிடித்தது எச்.ஜி.டி. என்ற கோப்புதான். அதற்குத் தலைப்பே கிடையாது. உயரங்கள் மட்டும், ஓர் உயரத்துக்கு இரண்டு பைட், வடமேற்கு மூலையிலிருந்து வரிவரியாக. மொத்தம் 28,84,802 பைட். அளவைப் பார்த்தாலே 1201-க்கு 1201 என்று தெரியும். எந்த இடம் என்பதைக் கோப்பின் பெயர் சொல்லும்: என்11இ076 என்றால் தென்மேற்கு மூலை வடக்கு 11, கிழக்கு 76, உதகையும் தொட்டபெட்டாவும் உள்ள சதுரம். இதைப் படிக்க ஒரு மாணவர் பத்துப் பதினைந்து வரி நிரல் எழுதினால் போதும். எஸ்.டி.டி.எஸ். நிறைவேற்ற நினைத்த பரவலை, எதையும் விளக்காத இந்தக் கோப்பு சில ஆண்டுகளில் நிறைவேற்றியது.

எளிமைக்கு விலை இல்லையா என்று கேட்பவருக்கு, உண்டு என்றே சொல்வேன். இரண்டு பைட்டில் பெரிய பாதி முன்னால் வருகிறது. பெரும்பாலான வீட்டுக் கணினிகள் சிறிய பாதியை முன்னால் எதிர்பார்க்கும். கவனிக்காமல் படித்தால் 2637 மீட்டர் என்ற உயரம் 19,722 மீட்டராகும். தொட்டபெட்டா எவரெஸ்ட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். 1 மீட்டர் உயரக் கடற்கரை 256 மீட்டருக்கு எழும்பும். செங்குத்துச் சரிவுகளில் ரேடார் பார்க்க முடியாமல் போன புள்ளிகளுக்கு -32768 என்று எழுதியிருப்பார்கள். அதையும் உயரம் என்று எடுத்துக்கொண்டால் மலைக்கு நடுவே 32 கிலோமீட்டர் ஆழக் கிணறு விழும். ஆனாலும் இந்தத் தவறுகள் எல்லாம் பார்த்த கணமே தெரியும். ஒரு வரி சேர்த்தால் திருந்தும். எஸ்.டி.டி.எஸ். கோப்பில் கிடைத்த தவறுகளைக் கண்டுபிடிக்கவே நிபுணர் தேவைப்பட்டார். எளிமையின் பலன் இன்னொரு பக்கமும் வெளிப்பட்டது. ஸ்காட்லாந்தில் வாழும் ஜொனாதன் டி ஃபெராண்டி, தனி மனிதராகப் பழைய வரைபடங்களின் துணையோடு இமயம் போன்ற மலைகளின் வெற்றிடங்களை நிரப்பி, அதே எச்.ஜி.டி. வடிவில் வெளியிட்டார். படிக்க எளிதான வடிவம் எழுதவும் எளிது என்பதால், திருத்தும் உரிமை அளந்தவரிடமிருந்து பயன்படுத்துபவருக்கும் வந்தது.

தீட்டுகிறவர்களுக்குத் துல்லியம் எதற்கு, அவர்களுக்கு அழகு போதுமே என்று அளவைத் துறையினர் சிலர் நினைப்பதுண்டு. வரலாறு அதற்கு எதிராகச் சொல்கிறது. பழைய 30 மீட்டர் தொகுப்பில் ஒரு பகுதி, வான்வழிப் படங்களின்மேல் கையால் கோடுகோடாக ஓட்டி அளந்தது. கோட்டுக்குக் கோடு சிறிய வேறுபாடு தங்கிவிட்டது. சராசரிப் பிழைக் கணக்கில் அது அடங்கிப்போகும். சூரியனைத் தாழ்வாக வைத்துத் தீட்டிய படத்தில், உழுத வயலின் சால்களைப்போல வரிவரியாகத் தெரிந்துவிடும். தீட்டுகிறவர் கண்டிப்பான சோதனையாளர். அவர் கண்ணில் பட்ட குறைகளைக் களையப் பிறந்த வடிகட்டும் வழிகளும் மாற்றி நிரல்களுக்குள் குடியேறின.

இப்போது ஜிடால் ஏறக்குறைய எல்லா வடிவங்களையும் படித்துவிடுகிறது, உலகம் ஜியோடிஃப் என்ற ஒரே வடிவத்தில் கூடிவிட்டது, ஆகவே இந்தக் கதை முடிந்தது என்பது கடைசி மறுப்பு. 2014 முதல் எஸ்.ஆர்.டி.எம். தரவு 30 மீட்டர் நுணுக்கத்தில் படிப்படியாக உலகெங்கும் திறக்கப்பட்டது உண்மைதான். ஜியோடிஃப் வென்றதற்கும் காரணம், எந்தப் படம் பார்க்கும் மென்பொருளும் ஏற்கெனவே அறிந்த டிஃப் படத்துக்குள் நிலத் தகவலை அடக்கிவைத்ததே. ஆனால் கோப்பு திறந்துவிட்டால் மாற்றம் முடிந்துவிடாது. இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து உருவான கார்ட்டோடெம் என்ற உயரத் தரவு புவன் தளத்தில் ஜியோடிஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து தமிழகக் கடற்கரையைப் பார்ப்பவருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது: உயரங்கள் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 90 மீட்டர் என்று வரும். தரவில் பிழை ஏதுமில்லை. எஸ்.ஆர்.டி.எம். உயரங்கள் சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய பரப்பிலிருந்து எண்ணப்பட்டவை. கார்ட்டோடெம் உயரங்கள் பூமியின் கணித நீள்கோளத்திலிருந்து எண்ணப்பட்டவை. உலகிலேயே கடல்மட்டப் பரப்பு அந்த நீள்கோளத்துக்கு மிகக் கீழே இருக்கும் பகுதி இந்தியப் பெருங்கடலில், நமக்கும் இலங்கைக்கும் தெற்கே இருப்பதால், இரண்டு பரப்புகளுக்குமான இடைவெளி உலகின் பல பகுதிகளைவிட இங்கே மிகப் பெரிது. அதைத் திருத்தாமல் தீட்டினால் சென்னையும் நாகப்பட்டினமும் மென்பொருளின் கடலுக்கடியில் மூழ்கிவிடும்.

ஆகவே நம் நிலத்தின் உயரத் தரவை வெளியிடும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பை இலவசமாக வைப்பதோடு நிறுத்தாமல், எந்தப் பரப்பிலிருந்து எண்ணிய உயரம், எந்த அலகு, வெற்றிடத்துக்கு எந்த எண் என்ற மூன்றையும் பதிவிறக்கும் பக்கத்திலேயே ஒரு பத்தியில் எழுதுங்கள்; கடல்மட்டத்துக்குத் திருத்திய பிரதியையும் பக்கத்தில் வையுங்கள். நிரல் எழுதத் தெரிந்த நம் மாணவர்கள் அதை எடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையைத் தீட்டுவதற்கு வேறெதுவும் தடையாக இல்லை.